அம்மன் உத்தரவு, மூன்று பிரதிகளில்

கள்ளிக்காட்டுப்புதூருக்குச் சங்கம்தான் முதலில் வந்தது. ரங்கன் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வந்தான். வீடு இடிந்தவன் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டைச் செப்பனிட ஒரு சங்கம் கூடி, தலைவரைத் தேர்ந்தெடுத்து, ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தது என்றால், அந்த ஊர்க்காரர்களின் கருணையை என்னவென்று சொல்ல!

சங்கத்தின் பெயர், தாயகம் திரும்பியோர் வீடு செப்பனிடும் கூட்டுறவுச் சங்கம். நாமகிரிப்பேட்டையிலிருந்து ஏழு மைல் உள்ளே போனால் ஊர். உறுப்பினர்கள் இருபத்தொரு பேர். இருபத்தொரு பேருக்கும் நல்ல வீடு இருந்தது. ஒருவரும் கடலைத் தாண்டியதில்லை. கடலைப் பார்த்தவர்களே மூன்று பேர்தான், அதுவும் திருச்செந்தூர் போனபோது. ஆனாலும் சங்கம் சுறுசுறுப்பாக நடந்தது. சிமெண்டு வந்தது, ஓடு வந்தது, கொடுத்துப் பழக வேண்டும் என்பதற்காக உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்துப் பழகிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு வருஷத்துக்குள் தாயகம் திரும்பிய குடும்பம் ஒன்றையாவது காட்டாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தலைவர் மயில்சாமி கூட்டம் போட்டார். மஞ்சள் காடும் குச்சிக்கிழங்குக் காடுமாக அறுபது ஏக்கர் வைத்திருந்தவர் அவர். "ஆரு ஒரு குடும்பத்தக் கூட்டியாறாங்களோ அவிகளுக்குச் சங்கத்துல எழுத்தர் வேலை" என்று அறிவித்தார். அப்போதுதான் சின்னானுக்குத் தன் பெரியப்பா மகன் ஒருவன் சிலோனில் இருப்பது ஞாபகம் வந்தது. அவன் பிறந்ததிலிருந்து அதுவரை வராத ஞாபகம்.

சின்னான் கடிதம் எழுதினான். "அன்புள்ள அண்ணனுக்கு, தாத்தா கட்டிய வீடு உங்களுக்காகவே காத்துக் கிடக்கிறது. ஓடு மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கென்றே இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. நம் மாரியம்மன் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில் ஒன்றில், ரங்கன் அந்தக் கடிதத்தைத் தோட்டத்து வாத்தியாரிடம் கொடுத்து நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்ததில் அவனும் அவன் மனைவி சென்னம்மாளும் இந்தியாவின் பங்குக்கு வந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் புருஷன் வீட்டோடு அந்த நாட்டின் பங்குக்குப் போய்விட்டாள். ரங்கனுக்கு உள்ளூர பயம்தான். ஆனால் மாரியம்மன் எதிர்பார்க்கிறாள் என்ற வரி அவனைத் தைரியப்படுத்தியது. லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் அவர்கள் கும்பிட்ட கல்லுக்கு அடியில் கிடந்தது கள்ளிக்காட்டுப்புதூர்க் கோயில் மண். அவன் தாத்தா கப்பல் ஏறும்போது வேட்டியில் முடிந்துகொண்டு போன பிடிமண். தோட்டத்தில் இருப்பவள் பிள்ளை மாதிரி, தாய் ஊரில்தான் இருக்கிறாள் என்று அப்பன் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் கப்பலில் வந்து, முகாமில் தாயகம் திரும்பியோர் கார்டு வாங்கிக்கொண்டு, ரயில், பஸ் என்று மாறி மாறி வந்து இறங்கினார்கள். சின்னான் ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். நிஜமாகவே அழுதான். அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும்.

தாத்தா வீட்டுக்கு நாலு மண் சுவர் இருந்தது. உள்ளே ஆமணக்கு ஆளுயரம் வளர்ந்து நின்றது. கடிதத்தில் பொய் ஒன்றுமில்லை, ஓடு கொஞ்சமாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் ஏழு ஓடு.

"சங்கம் பாத்துக்குமுங்ணா" என்றான் சின்னான். "அதுவரைக்கும் எங்கூட்டு மாட்டுக் கொட்டாயில இருந்துக்கலாமுங். சுத்தமாக் கூட்டி வெச்சிருக்கறேன்."

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே ரங்கனுக்கு விழிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் பிரட்டுக்கு ஆள் எண்ணும் நேரம். இங்கே எண்ண யாருமில்லை என்பதால் அவனே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஆமணக்கை வெட்ட ஆரம்பித்தான். எட்டு செடிகூடச் சாய்ந்திருக்காது, சின்னான் துண்டு அவிழ்ந்து விழுவதும் தெரியாமல் ஓடி வந்தான்.

"அண்ணா, கைய வெக்காதீங்! உத்தரவு வாங்கோணும்!"

"எங்க வீட்டுச் செடிதானே தம்பி?"

"ஊடு உங்குளுதுதானுங். செப்பனிடறது சங்கத்துதுங்."

சின்னான் அவனைத் தலைவரிடம் கூட்டிப் போனான். மயில்சாமி கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ரங்கனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சங்கத்தின் ஆயுள் நடந்து வந்து வாசலில் நிற்கும்போது யாருக்குத்தான் மலராது?

"வா சாமி, வா. ஒன்னையப் பாக்கோணும்னுதான் சங்கமே உசுரு வெச்சிருக்குது. ஆனா ஒண்ணு. ஐப்பசிக் கடைசிக்குள்ள ஓட்டு ஊட்டுல நீ குடியேறியிருக்கோணும். இல்லீன்னா கவருமெண்டு ஒன்னையக் 'குடியமராதவர்'னு எழுதி, கார்டைப் புடுங்கிட்டு, மறுபடியும் முகாமுக்கு அனுப்பிப் போடும். அப்பறம் ஊடும் இல்ல, ஊரும் இல்ல. அதனால சட்டுப்புட்டுனு ஆத்தாகிட்டக் கேட்டரலாம்."

"ஆத்தாகிட்டயாங்க?"

மயில்சாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு விளக்கினார். ஆரம்பத்தில் சங்கம் ஓடும் சிமெண்டும் கொடுத்தபோது மொட்டைப் பெட்டிஷன்கள் பறந்தன. விசாரணை வந்தது. "மனுசன் முடிவு பண்ணுனா லஞ்சம்பான், சொந்தக்காரன்பான். ஆத்தா முடிவு பண்ணுனா எவன் வாயத் தொறப்பான்? நம்ம பக்கம் கலியாணங்காச்சி, கெணறு வெட்டு எதுக்கும் பூக் கேக்கறதுதான? அதையே துணைவிதியாப் போட்டுட்டோம். பதினோராம் துணைவிதி. அதுக்கப்பறம் ஒரு பெட்டிஷன் இல்ல சாமி. உறுப்பினருங்க கேட்டது முப்பத்தி நாலு தடவை. முப்பத்தி நாலும் வெள்ளப் பூ. ஆத்தாளுக்குச் சங்கத்து மேல அப்புடி ஒரு பிரியம்."

வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போட்டு எடுக்கச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ஊரில் இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். சங்கத்தில் மூன்று வாரம் ஆனது. விண்ணப்பம் மூன்று பிரதி: ஒன்று சங்கத்துக்கு, ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று அம்மனுக்கு. அம்மன் பிரதியைச் சுருட்டிச் சூலத்தில் செருகுவார்கள். பூசாரி வெள்ளிக்கிழமை தோறும் அதை எடுத்துத் திருநீறு மடிக்கப் பயன்படுத்திக்கொள்வார். பொட்டலங்களைக் கட்டி அரக்கு வைப்பது எழுத்தர் பொறுப்பு. பூ எடுப்பது மட்டும் சின்னக் குழந்தையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பணியமர்த்தக் கூடாது என்பது விதி. வழக்கமும் கெடாமல் விதியும் கெடாமல் தலைவரின் அக்கா மகள் சௌந்திரத்தை நியமித்திருந்தார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. 'குழந்தை மனம் படைத்தவர்' என்று ஊர்த் தலையாரி கொடுத்த சான்றிதழ் கோப்பில் இருந்தது.

ஆமணக்கை வெட்டலாமா என்று கேட்டதற்குச் சிவப்பு வந்தது.

ரங்கன் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினான். முதல் தடவைதானே, தாய்க்கும் கோபம் இருக்கும், இத்தனை வருஷம் வராமல் இருந்துவிட்டோம் என்று சென்னம்மாளிடம் சொன்னான். பங்குனியில், வெட்டாமல் அப்படியே மேலே கொஞ்சம் பனையோலை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். சிவப்பு. சித்திரையில், ஒன்றும் செய்யாமல் சும்மா அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சௌந்திரம் முழங்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே குனிந்து எடுத்தாள். சிவப்பு.

பகலில் இருவரும் மஞ்சள் வேகவைக்கும் களத்துக்குக் கூலிக்குப் போனார்கள். பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்துப் பழகிய உடம்பு அந்த வெயிலில் தோல் உரிந்தது. சாயங்காலம் மாட்டுக் கொட்டாய்க்கு வந்தால் சின்னானின் மனைவி மயிலம்மாள் கம்மங்கூழ் வைத்திருப்பாள். சின்னான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிடுவான்.

"எதுனால இப்புடிங்கறீங்? கடலத் தாண்டுனவங்கள ஆத்தா லேசுல சேத்துக்க மாட்டாங்ணா. பொறுமையா இருங். நானும் உங்குளுக்காக வேண்டிக்கிறேன்."

ரங்கன் அதை நம்பினான். வேறு யாரை நம்புவது, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தவன் அவன் ஒருவன்தான். கடல் தாண்டிய குற்றத்துக்கு ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருண்டான். முதுகெல்லாம் நெருஞ்சி குத்தியது. உருண்டு முடித்துக் கேட்ட விண்ணப்பத்துக்கும் சிவப்பே வந்தது.

ஆடி மாதம் ஒரு அதிசயம் நடந்தது. சங்கமே ரங்கனுக்காக ஒரு விண்ணப்பம் போட்டது. 'தாயகம் திரும்பிய ரங்கன் பெயரில் ஓடும் மரமும் ஒதுக்கீடு பெறலாமா?' வெள்ளை! ரங்கன் கோயில் என்றும் பாராமல் சின்னானைத் தூக்கிச் சுற்றினான். பத்தாம் நாள் லாரியில் மங்களூர் ஓடும் அதைத் தாங்கத் தேக்கு ரீப்பர்ச் சட்டங்களும் வந்து இறங்கின. சென்னம்மாள் ஒவ்வொரு ஓடாகப் புடவைத் தலைப்பால் துடைத்து அடுக்கினாள். அடுத்த வாரம், 'அவற்றை ரங்கன் வீட்டின் மேல் வேயலாமா?' என்று கேட்டார்கள். சிவப்பு. அதற்கடுத்த வாரம், 'ரங்கனுக்கு நேரம் கூடி வரும்வரை ஓடுகள் வெயிலில் வீணாகாமல் சங்கக் கட்டடத்தின் மேல் வேய்ந்து பாதுகாக்கலாமா?' என்று கேட்டார்கள். வெள்ளை.

ரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் அவன் தோளில் கை போட்டார்.

"சாமி, ஒனக்கு ஓடு இல்லீன்னு ஆத்தா சொல்லல. ஒனக்கு ஓடு உண்டு. உன்ற ஊட்டு மேல வேண்டாங்கறா, அவ்வளவுதான். ஆத்தா சொல்லு ஒவ்வொண்ணையும் நாங்க எவ்வளவு நுணுக்கமா நடத்தறோம் பாத்தியா? நடுவுல மனுசன் கை எங்கியாவது இருக்குதா?"

"இல்லைங்க" என்றான் ரங்கன்.

சங்கக் கட்டடத்துக்கு ஓடு வேய ரங்கனையே கூலிக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்து லயங்களுக்குத் தகரம் அடித்துப் பழகியவன், வேலை சுத்தம். தன் பெயரில் வந்த ஓட்டைத் தன் கையாலேயே இன்னொரு கூரையில் ஏற்றினான்.

அன்றைக்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது. சங்கத்தின் மேல் அல்ல, அம்மன் மேல். கோயில் வாசலில் நின்று வாய்விட்டுத் திட்டினான். "ஒன் மண்ணைத்தான் மூணு தலமுறையாக் கும்பிட்டோம். அட்டைக்கடியோட கடியா ஒனக்குப் பொங்க வச்சோம். அங்க எங்கள இந்தியாக்காரன்னு தொரத்துனாங்க. நீயும் தொரத்துறியே, நீ தாயா?" அதற்கப்புறம் அந்தப் பக்கமே அவன் போகவில்லை. களத்துக்குப் போகும் வழியில் கோயில் வருகிறது என்பதற்காகக் குச்சிக்கிழங்குக் காட்டைச் சுற்றிக்கொண்டு அரை மைல் கூட நடந்தான். அம்மனின் தேர் நோன்பித் திருவிழாவை அறிவிக்க ஊரில் தப்படித்தபோது காதைப் பொத்திக்கொண்டு கொட்டாயில் படுத்திருந்தான். மகளைப் பிரிந்தபோதுகூட அப்படி அவன் ஒடிந்து போனதில்லை. சென்னம்மாள் மட்டும் அவனுக்குத் தெரியாமல் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தாள்.

புரட்டாசி முடியும்போது சங்கத்துக்கு மறுபடியும் கடிதம் வந்தது. தனி ஆய்வாளர் வெள்ளியங்கிரி, ரங்கன் ஓட்டு வீட்டில் குடியேறியிருப்பதை நேரில் காண ஐப்பசி ஒன்பதாம் தேதி வருகிறார். சங்கம் அவசரமாகக் கூடியது. ரங்கனின் ஓடு இருக்கிறது, ரங்கன் இருக்கிறான், இரண்டும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை. வீட்டைச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதால் ரங்கனைக் கொண்டுவருவது என்று தீர்மானம் நிறைவேறியது. இதற்கு அம்மனைக் கேட்கவில்லை. அவசரம் என்றால் கேட்க வேண்டியதில்லை என்று பதினோராம் துணைவிதியிலேயே ஒரு உட்பிரிவு இருந்தது.

சின்னான் வந்து ரங்கன் காலடியில் உட்கார்ந்தான். "ஒரே ஒரு காலம்பறத்திக்குத்தானுங்ணா. நீங்களும் அண்ணியும் சட்டி பானையோட சங்கத்துல இருங். ஆபீசரு பாத்துட்டு எழுதிட்டாருன்னா கார்டு நெலைச்சுரும். அப்பறம் ரெண்டாவது ஒதுக்கீடு வருமுங். அதை நேரா உங்க ஊட்டு மேலயே போட்டரலாம், பூவும் வேண்டாம், கீயும் வேண்டாம். எம்மேல சத்தியமுங்."

"அதுவும் தம்பி சொன்னா சரிதான்" என்றான் ரங்கன்.

இங்கேதான் சங்கம் ஒரு தப்புச் செய்தது. எதையும் முறைப்படி செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"சும்மாக் கொண்டுபோய் ஒக்கார வெச்சா ஆபீசருக்குத் தெரிஞ்சு போயிரும்" என்றார் மயில்சாமி. "குடி போன ஊடு மாதிரி இருக்கோணும்னா குடி போகோணும். மாவெல கட்டு. பசுவ உள்ள ஓட்டு. பூசாரிய வரச் சொல்லு. நல்ல முகூர்த்தம் அன்னைக்கு ஏழரைக்குள்ள இருக்குதாம், அதுக்குள்ள பால் காச்சிப்போடோணும். கோப்புல ஒரு போட்டோவும் இருக்கட்டும்."

முதல் நாளே சங்கத்தின் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் சின்னானின் மாட்டுக் கொட்டாய்க்கு இடம் மாறின. பெயர்ப் பலகை திருப்பி மாட்டப்பட்டது. ஒன்பதாம் தேதி காலையில் பசு உள்ளே போய்ச் சங்கத்தின் நடுவில் கடமை தவறாமல் சாணி போட்டது. சென்னம்மாள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். மூன்று கல் கூட்டி, புதுப் பானையில் பால் ஊற்றி, பூசாரி மணியடிக்க அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. அவள் அண்ணாந்து ஓட்டைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவள் துடைத்து அடுக்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி பாலை அடுப்புக்கு ஊற்றினாள். சின்னான் போட்டோக்காரனிடம் அதைப் படம் எடுக்கச் சொன்னான்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆய்வாளர் வெள்ளியங்கிரி வெளுத்த சட்டையும் கையில் தட்டச்சு செய்த அறிக்கையுமாக இறங்கினார். உட்கார்ந்து பாலைக் குடித்தார்.

"அற்புதம்! இருபத்தாறு வீடுகளைப் பார்வையிட வேண்டும் என்று புறப்பட்டேன். கண்ணில் பட்ட முதல் வீடு இதுதான். மற்ற இருபத்தைந்தும் கோப்பில்தான் நன்றாக இருக்கின்றன." ரங்கன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் குறை ஏதாவது உண்டா? தயங்காமல் சொல்லுங்கள். குறை இல்லை என்று சேலத்திலேயே தட்டச்சு செய்துவிட்டோம், அதனால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்."

ரங்கன் தலைவரைப் பார்த்தான். சின்னானைப் பார்த்தான். "குறை இல்லைங்க" என்றான்.

'மேற்படி ஓட்டு வீடு ரங்கன் என்பாருக்குச் சொந்தமானது என்றும், அவர் மனைவியுடன் அதில் நிரந்தரமாக வசிக்கிறார் என்றும் நேரில் கண்டு சான்றளிக்கிறேன்.' ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். தலைவர் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் சின்னான் முத்திரை குத்தினான். ஒரு பிரதி ஜீப்பில் போனது. ஒரு பிரதி தலைவர் கையில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன், இந்தப் பாலை மறக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனார்.

புழுதி அடங்கியதும் மயில்சாமி கையைத் தட்டினார். "செரி, ஆச்சு. பானையெல்லாம் எடுங்க. மேசைய உள்ள கொண்டாங்க."

சென்னம்மாள் அடுப்பங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, எந்திரிங்" என்றான் சின்னான்.

"பால் காச்சியாச்சு" என்றாள் அவள்.

"அது போட்டோவுக்குங் அண்ணி."

"போட்டோவுக்குன்னு பால் பொங்குமா? பொங்கிருச்சு. பால் காச்சுன வீட்டைவிட்டு அன்னைக்கே அடுப்பை எடுத்தா வெளங்குமா? நான் எறங்க மாட்டேன்."

இருபத்தொரு உறுப்பினர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் சொன்னது தப்பு என்று அந்த ஊரில் பிறந்த எவனாலும் சொல்ல முடியவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் அதையேதான் சொல்வார்கள். மயில்சாமிக்குத்தான் நடைமுறை ஞாபகம் வந்தது.

"எதுக்குச் சண்ட? ஆத்தாகிட்டயே கேட்டரலாம். சின்னா, பூக் கட்டு. இந்தப் புள்ள இங்க இருக்கலாமா வேண்டாமான்னு கேளு. ஆத்தா சொன்னா அப்பீலே கெடையாது."

சின்னான் பழக்க தோஷத்தில் இரண்டே நிமிஷத்தில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். தட்டில் இரண்டு பொட்டலம், அரக்கோடு. அவசரம் என்பதால் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அங்கேயே தரையில் வைத்தான். சௌந்திரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

ரங்கன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பால் பொங்கியபோது, அம்மன் மனம் இரங்கிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டான். அதுதான் இன்னும் வலித்தது. தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை மெல்லக் கையில் எடுத்தான்.

"அதத் தொடக் கூடாதுங்ணா!" சின்னான் பதறினான்.

"இல்ல தம்பி. எட்டு மாசமா நான் கேட்டு வராமலே போச்சே அந்த வெள்ளப் பூ. அத ஒரு தரம் கண்ணால பாத்துக்கறேன். எனக்குன்னு கட்டுனதுதானே."

அவன் மனதில் வேறெதுவும் இல்லை. நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தான். உள்ளே இருந்ததும் செவ்வரளி.

சௌந்திரம் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்பதுபோலச் சேலையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ரங்கன் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னானைப் பார்த்தான்.

"எப்பவுமேவா?"

சின்னான் தலையைச் சொறிந்தான். "தலைவரு என்ன பூ வேணுமுன்னு மொதல்லயே சொல்லிப்போடுவாருங்ணா. அப்பறம் எதுக்கு ஆத்தாளுக்கு வீண் செரமம் குடுக்கறதுன்னு ரெண்டும் ஒண்ணாவே கட்டிப்போடறது. மத்தவிகளுக்கு ரெண்டும் வெள்ளைங். எம்மேல கோவிச்சுக்காதீங். எனக்கு வேலை வேணுமில்லீங்? ஆனா கூழு நெசமாத்தான் ஊத்துனேன். அதுல பொய்யில்லீங்."

மயில்சாமிக்கு இதில் முறைகேடு ஒன்றும் தெரியவில்லை. "பதினோராம் துணைவிதி என்ன சொல்லுது? 'இரண்டு பொட்டலம்'னு சொல்லுது. உள்ள ஒண்ணு வெள்ளையா இருக்கோணும்னு எங்கியாவது எழுதியிருக்குதா? நீ எடுத்துக் காட்டு, நான் ராஜினாமாப் பண்ணிப்போடறேன்" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே கையிலிருந்த அறிக்கையை விரித்துப் பார்த்தார். 'ரங்கன் என்பாருக்குச் சொந்தமானது.' கீழே அவருடைய கையெழுத்து, எப்போதும்போலப் பெரிதாக. அவளை வெளியே தள்ளினால், இந்தக் காகிதம் பொய் என்று அவரே மேலிடத்துக்கு எழுத வேண்டும். மூன்று மாதத்தில் பால் குடிக்க ஜீப் வேறு வரும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "செரி, இருக்கட்டும். சங்கம் கொஞ்ச நாளைக்கு மாட்டுக் கொட்டாயிலயே நடக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு உறுப்பினர்களோடு இறங்கிப் போனார்.

வீடு கிடைத்துவிட்டது. சென்னம்மாள் பானையைக் கழுவப் போனாள். ரங்கனுக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

"அண்ணா" என்று சின்னான் கையைப் பிடிக்க வந்தான். ரங்கன் கையை இழுத்துக்கொண்டான். "ஓட்டை எடுத்துக்கிட்டீங்க, போகட்டும். எங்கள வச்சுச் சங்கம் நடத்துனீங்க, அதுவும் போகட்டும். அவ என்னைய வேணாம்னு சொல்லிட்டானு நம்ப வச்சியேடா. நான் அவளத் தாயே இல்லைன்னு திட்டிட்டேன்டா." கையிலிருந்த செவ்வரளியைத் தட்டில் போட்டான். "எந்த மூஞ்சியோட இனி அவ முன்னால போய் நிப்பேன்?"

சின்னானுக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணன் மேல் அவனுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. தன்னால் முடிந்ததைச் செய்ய நினைத்தான். "மன்னிப்புக் கேட்டு ஒரு விண்ணப்பம் குடுங்ணா" என்றான். "மூணு பிரதியும் நானே எழுதித் தாறேன்."

ரங்கன் கோயிலைப் பார்த்து நடந்தான். இந்தத் தடவை காட்டைச் சுற்றிப் போகவில்லை. கோயிலில் யாரும் இல்லை. சூலத்தில் சங்கத்தின் பழைய விண்ணப்பம் ஒன்று சுருண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு வரவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"உங்கிட்டயும் கேக்கவே இல்லையாம் ஆத்தா" என்றான்.